தேங்கிய ஐ.டி. வேலை: இருப்பதா, தாவுவதா, எங்கே போவது?

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில், பிற நிறுவனங்களின் மென்பொருள் வேலையை எடுத்துச் செய்யும் பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் ஏழெட்டு ஆண்டு அனுபவத்தோடு அதே பதவியில் நிற்பவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் உள்ளன. உள்ளேயே வேறு புராஜெக்டுக்கு மாறலாம். இன்னொரு சேவை நிறுவனத்துக்குத் தாவலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் சொந்த மையங்களுக்குப் போகலாம். தன் சொந்த மென்பொருளை விற்கும் புராடக்ட் நிறுவனத்தில் சேரலாம். எல்லோரும் சம்பளத்தை வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன்: உங்கள் பதவி உயர்வை முடிவு செய்பவரின் கண்ணில் உங்கள் வேலை படுகிறதா?

சேவை நிறுவனத்துக்குப் பெரும்பாலும் ஆள்கணக்கில்தான் வருமானம். வேலையைக் கொடுத்த கிளையன்ட், ஊழியர் ஒவ்வொருவருக்கும் மாதம் இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். ஒருவர் நன்றாக வேலை செய்தால் கிளையன்ட் அவரை விட மாட்டார். அதனால் மேனேஜரும் ரிலீஸ், அதாவது புராஜெக்டிலிருந்து விடுவிப்பு, தர மாட்டார். அதே சமயம், அனுபவம் கூடக் கூட அவருக்காகும் செலவும் கூடுகிறது. புதிதாகச் சேர்பவர்களைக் கீழே நிறைய வைத்து, மேலே சிலரை மட்டும் வைத்தால்தான் இந்தக் கணக்கு லாபம் தரும். எட்டாம் ஆண்டில் வரும் நெரிசல் உங்கள் திறமைக் குறைவால் வருவதல்ல. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயே மாறுவது பார்வைக்குப் பாதுகாப்பான வழி. பணிக்கொடைக்கான ஐந்தாண்டுக் கணக்கு அறுபடாது, புதிய இடத்தில் முகம் பழக வேண்டியதில்லை. ஆனால் அடுத்த புராஜெக்ட் உறுதியாகும் முன் ரிலீஸ் வாங்காதீர்கள். பெரிய சேவை நிறுவனமான டிசிஎஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டுக்கு 225 நாட்கள் பில்லிங்கில், அதாவது கிளையன்ட் பணம் தரும் வேலையில், இருக்க வேண்டும். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரை, பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்களை, அனுப்பப் போவதாக அறிவித்தது. பெஞ்சில் சாவகாசமாகப் படித்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஊதிய உயர்வை முடிவு செய்யும் அப்ரைசல் ஆண்டின் நடுவில் மாறினால் பழைய மேனேஜர் தன்னிடம் இருக்கும் ஓரிரு நல்ல ரேட்டிங்குகளைப் போய்விட்டவருக்குச் செலவிட மாட்டார். புதியவருக்கு உங்களைத் தெரியாது. குழுவில் இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங் என்று வரம்பு கட்டும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரிலேயே கைவிட்டது. ஆனால் எங்கே போனாலும் ஊதிய உயர்வுக்கான மொத்தத் தொகைக்கு முன்கூட்டியே வரம்பு வைக்கப்பட்டிருந்தால், முறையின் பெயர் போனாலும் நெருக்கடி போகாது. ஆகவே மாறுவதென்றால் அப்ரைசல் ஆண்டின் தொடக்கத்தில் மாறுங்கள்.

இதில் மிகவும் அடிபடுபவர்கள் பேறுகால விடுப்பு முடித்துத் திரும்பும் பெண்கள். சட்டம் 2017 முதல் 26 வாரம் தருகிறது. ஆனால் திரும்பி வரும்போது பழைய புராஜெக்டில் அவர் இடத்தில் வேறொருவர் இருப்பார்; ஆண்டு இறுதியில் ‘பங்களிப்பு குறைவு’ என்று எழுதப்படும். கீழ் ரேட்டிங்கை யாருக்காவது கொடுத்தே தீர வேண்டுமென்றால் அது எதிர்த்துப் பேச நேரமில்லாத இந்தத் தாய்க்குத்தான் போய்ச் சேருகிறது. இது பச்சை அநியாயம். ராஜினாமா எழுதித் தரச் சொல்லி யாராவது நெருக்கினால் கையெழுத்திடாதீர்கள். தனியாகப் போராட வேண்டியதில்லை: ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

இன்னொரு சேவை நிறுவனம்? சம்பளம் கூடும், அவ்வளவுதான். அதே ஆள்கணக்கு, அதே நெரிசல். வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தால் மட்டும் போங்கள்.

என் தேர்வு மூன்றாவது வழி: வெளிநாட்டு நிறுவனத்தின் சொந்த மையம். மறைமலை நகரில் கார் உற்பத்தியை 2022-இல் நிறுத்திய ஃபோர்டு, தமிழ்நாட்டில் நடத்தும் உலகளாவிய சேவைப் பணிகளை நிறுத்தவில்லை. 2024-இல் அங்கே சுமார் 12,000 பேர் இருப்பதாகச் சொன்னது. இத்தகைய மையத்தில் நீங்கள் எழுதுவது உங்கள் நிறுவனமே பயன்படுத்தும் மென்பொருள். யாரிடமும் உங்களுக்குப் பில் போட வேண்டியதில்லை. குறை என்னவென்றால், முடிவெடுப்பவர்கள் பல மையங்களில் கடல் கடந்து இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, அங்கே முடிவானதை இங்கே செய்து கொடுப்பதே வேலை என்றால் தேக்கம் வேறு உருவில் திரும்பிவிடும். நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்தப் பிரிவின் தலைவர் எந்த ஊரில் இருக்கிறார்? கடந்த ஆண்டு சென்னையிலிருந்து யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு மையம் பாருங்கள்.

புராடக்ட் நிறுவனத்தில் உங்கள் வேலை நன்றாகவே கண்ணில் படும். நீங்கள் எழுதிய நிரல் உடைந்தால் உங்களைத்தான் தேடுவார்கள். ஆனால் பல ஆண்டுகள் சப்போர்ட் வேலையிலேயே இருந்தவருக்கு அங்கே நேர்காணலைக் கடக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பாதுகாப்பும் உத்தரவாதமில்லை: சென்னையில் பிறந்து அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை வரை போன மென்பொருள் நிறுவனம் ஃபிரெஷ்வொர்க்ஸ் 2024 நவம்பரில் சுமார் 660 பேரை நீக்கியது. முப்பது வயதுக்குள், நிரல் எழுதுவதில் உண்மையான ஆசை இருந்தால் இதைத்தான் முதலில் முயல வேண்டும்.

எங்கே போனாலும், ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை செய்ய வேண்டிய 90 நாள் நோட்டீஸ் பீரியட் குறுக்கே நிற்கும். முப்பது நாளில் வருபவர் வேண்டும் என்று பலரும் கேட்பதால், கையில் ஆஃபர் இல்லாமலே ராஜினாமா கொடுத்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். அப்படிச் செய்ய வேண்டாம். 90 நாள் காத்திருப்பார்களா, முன்கூட்டியே கிளம்பினால் மீதி நாட்களுக்காகப் பழைய நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை அவர்களே கட்டுவார்களா என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். கட்டுவதாகச் சொன்னால் ஆஃபர் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு ராஜினாமா கொடுங்கள்.