படுக்கையறையே இல்லாத நான்கறை வீடு

சிங்கப்பூரில் நான் குடியிருப்பது நான்கறை வீடு. அங்கே கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள். ஆகவே நான்கறை என்றால் படுக்கையறை மூன்றுதான். மதுரையில் அப்பா விட்டுச் சென்ற வீட்டையும் நான்கறை வீடு என்று சொல்லித்தான் வளர்ந்தோம். இந்த முறை அதை விற்க வந்திருந்தேன். தரகர் வீட்டை முன்னும் பின்னும் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கணக்குப்படி இதில் படுக்கையறையே இல்லை.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் 16 அடி அகலம், 68 அடி நீளம், இரண்டரை சென்ட் இடம். இரு பக்கமும் பொதுச் சுவர். ரேழி என்ற நுழைவு நடை, பட்டாசாலை என்ற கூடம், அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள், முற்றம், அடுக்களை, புழக்கடை. எல்லா வாசல் நிலைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும், காற்றும் அப்படியே ஓடும். அந்தக் காலத்து ஆசாரிகள் அதற்காகத்தான் அப்படி வைத்தார்கள். ஆனால் இரவில் ஒருவர் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மூன்று அறைகளில் தூங்குபவர்களையும் தாண்டித்தான் போக வேண்டும். சித்தப்பாவுக்குக் கல்யாணமானதும் நடு அறையைக் கொடுத்தார்கள். தாத்தா இருமிக்கொண்டே கடப்பார். எட்டாம் மாதம் சித்தப்பா கே.கே. நகருக்குத் தனிக்குடித்தனம் போனார். தண்ணீர்க் கஷ்டம் என்று காரணம் சொன்னார்கள்.

ஆடி பிறந்தால் பலர் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பதால் ஆனி நடுவிலேயே விமானம் ஏறியிருந்தேன். சொத்தின் மேலுள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை சிங்கப்பூரிலிருந்தே இணையத்தில் எடுத்துவிட்டேன். முன்பு இதற்கு அப்பா அரை நாள் வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. இந்த வேலை மட்டும் நிஜமாகவே சுலபமாகியிருக்கிறது.

முதலில் வந்தவர் ஒரு கட்டுமானக்காரர். இடித்துவிட்டு அடுக்குமாடி போடலாமா என்று பார்த்தார். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட முடியாது என்பதை அவர் மறந்திருக்க வாய்ப்பில்லை. பேரத்துக்காகவே கேட்டார் என்று நினைக்கிறேன். அடுத்தவர் துணி வியாபாரி, கிடங்குக்காக வந்தார். அவருக்கு அறைகள் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் சந்துக்குள் லாரி வராது என்று போய்விட்டார். குடியிருக்க வந்த குடும்பங்கள்தான் வரிசை அறைகளைப் பார்த்ததும் முகம் சுருக்கின. நான் 95 லட்சம் சொன்னேன். ஒருவர் 80 என்றார். “மகனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும்” என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை.

அந்த 80 லட்சக்காரர் வங்கிக் கடன் கேட்டிருந்ததால் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். சொன்ன நேரத்துக்கு வந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். லேசர் கருவியால் அளந்து, அறைகளைக் குறித்துக்கொண்டார். ஆனால் விலைக் கணக்கில் அறைகள் வரவில்லை: மனைக்கு ஒரு தொகை, எழுபது வயதுக் கட்டடத்துக்குத் தேய்மானம் போக மிஞ்சிய அற்பத் தொகை, அவ்வளவுதான். முத்திரைக் கட்டணத்துக்காகப் பதிவுத்துறை வைக்கும் வழிகாட்டி மதிப்பும் மனையின் சதுர அடிக்குத்தான். ஆக, யார் எங்கே படுப்பது என்ற கேள்வி எந்தத் தாளிலும் இல்லை. அந்த 15 லட்சம் முழுக்க வாங்குபவர் மனத்தில் இருந்தது.

அறைகளைத் திருத்தலாமா என்று கேட்டேன். தரகர், “பைசா செலவு செய்யாதீர்கள், வாங்குபவர் பாடு” என்றார். அக்கா வீட்டுக்காரர் ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டி வந்தார். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த கூலியிலேயே நியாயமான கூலி அவருக்குக் கொடுத்ததுதான். அவர் குறுக்குச் சுவர்களைத் தட்டிப் பார்த்து, “மச்சைத் தாங்கும் கட்டைகள் எல்லாம் இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, இடிக்கவே கூடாது” என்றார். சுவர்களில் ஒரு ஓரமாக மட்டும் இரண்டரை அடிக்கு வாசல் திறந்து, மேலே லிண்டல் என்ற தாங்கு விட்டம் கொடுத்து, நாலரை அங்குலச் சுவர் எழுப்பினால் மூன்றடி நடைபாதை கிடைக்கும். உள்ளகலம் 14 அடி. அறைக்குப் பத்தடிக்கு மேலேயே மிஞ்சும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு உதிரும் என்று எச்சரித்தார். செலவு ஒன்றரை லட்சம் ஆகலாம் என்றார்.

நான் கட்டவில்லை. ஒரு பொறியாளரிடம் 4,000 ரூபாய்க்கு வரைபடம் மட்டும் போட்டு வாங்கினேன். கொத்தனார் தன் பங்குக்கு அறைகளின் தரையில் சுண்ணாம்புத் தூளால் அந்த நடைபாதையைக் கோடு போட்டுக் காட்டினார்.

80 லட்சக்காரர் மறுபடி வந்தபோது மனைவியையும் அழைத்து வந்தார். அந்த அம்மாள் வரைபடத்தைப் பார்க்கவேயில்லை. புழக்கடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, பழைய வாசல்கள் வழியே அறைக்கு அறை நுழைந்து, ஒவ்வொன்றிலும் கோட்டுக்குள்ளேயே பட்டாசாலை வரை நடந்து வந்தார். வாளி எங்கும் கோட்டைத் தாண்டவில்லை. கணவரைப் பார்த்துத் தலையசைத்தார். 88க்கு முடிந்தது. வெளிநாட்டில் வசிப்பவன் விற்பதால், வாங்குபவர் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். பிடித்தத்தைக் குறைக்கச் சான்றிதழ் வாங்கலாம் என்று ஆடிட்டர் சொன்னதால் அதற்கு விண்ணப்பித்து, பத்திரப் பதிவை ஆவணிக்குத் தள்ளினோம். ஆடியும் கழிந்துவிடும்.

முன்பணம் எண்ணும்போது அந்த அம்மாள் ஒன்று மட்டும் கேட்டார்: நடு அறையில் கிடக்கும் தேக்குக் கட்டில் இரண்டரை அடி வாசலில் வெளியே வருமா? அளந்தோம். பழைய வாசலிலும் வராது. தாத்தா அதை அறைக்குள்ளேயே வைத்துச் செய்திருக்கிறார். கட்டிலுக்கு விலை வேண்டாம் என்றேன்.