குரோமோலி என்று சொல்லி நாற்காலி ட்யூபில் சைக்கிள் ஃப்ரேம்

கோவை, திருப்பூர் பக்கம் சொந்த அளவுக்கு ஸ்டீல் ஃப்ரேம் செய்துகொள்ளலாம் என்று யோசிப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு வேண்டியது ஒரு டூரிங் சைக்கிள். பின்னால் இரண்டு பை மாட்டிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவையும் ஏற வேண்டும், கோத்தகிரி இறக்கத்தில் பிரேக் கைவிடக் கூடாது. அதனால் பார்ட்ஸைத்தான் முதலில் முடிவு செய்தேன்: 700x40 டயர், டிஸ்க் பிரேக், 135 மி.மீ. பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), 27.2 மி.மீ. சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பி), 68 மி.மீ. பிஎஸ்ஏ பிபி (பெடல் அச்சு சுழலும் பேரிங்), 34 பல் வரை போகிற கேசட் (பின்சக்கரப் பல் அடுக்கு). ஒழுங்கு அதுதான். டயரின் அகலத்தை வைத்துத்தான் செயின்ஸ்டே (பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஓடும் கீழ்க் குழாய்கள்) இடைவெளி வரும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் எது என்று தெரிந்தால்தான், அது நுழைகிற முன்குழாயான ஹெட் ட்யூபின் சாய்வைக் கணக்குப் போட முடியும், ஏனென்றால் ஃபோர்க் 20 மி.மீ. நீளமானாலே சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறிவிடும். பட்டியல் முழுவதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பட்டறைக்காரர் கட்டைவிரல் போட்டார். "4130 குரோமோலிங்க தம்பி, சீம்லெஸ், ஆர்கான் வெல்டிங்" என்று குரல் பதிவும் வந்தது. குரோமோலி என்றால் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த வலுவான ஸ்டீல், 4130 அதில் ஒரு ரகம்; சீம்லெஸ் என்றால் தையல் இல்லாத ட்யூப். 32,000 ரூபாய் பேசி முக்கால்வாசி முன்பணம் வாங்கிக்கொண்டார். டிராயிங் கேட்டதற்கு மட்டும், "பார்ட்ஸ் அளவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க தம்பி, மொதல்ல ஃப்ரேம் ஆகட்டும்" என்றார்.

ஃப்ரேம் பளபளவென்று பவுடர் கோட்டிங்கோடு வந்தது. வீட்டில் வைத்து 27.2 சீட்போஸ்ட்டைச் செருகினால் உள்ளே போகவே இல்லை. போன் போட்டு, "ஏனுங்ணா, சீட்போஸ்ட் எறங்கவே மாட்டேங்குதே?" என்றால், "அட, அது ஒண்ணும் இல்லீங் தம்பி, 25.4 போஸ்ட் நம்மகிட்டயே இருக்குது, எடுத்துக்குங்க" என்கிறார்.

இங்கேதான் கணக்கு போட்டுப் பார்த்தேன். சீட் ட்யூபின் வெளி விட்டம் 28.6 மி.மீ., வெர்னியரில் அளந்தது. அதில் 27.2 போஸ்ட் இறங்கினால் ட்யூபின் கனம் 0.7-க்குள் இருக்கிறது என்று அர்த்தம். 25.4 தான் இறங்குகிறது என்றால் கனம் 1.6, அதாவது 16 கேஜ், நாற்காலிக்கும் கட்டிலுக்கும் போடுகிற கணக்கு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு தையல். சீம்லெஸ் ட்யூபில் அது வராது, தகட்டைச் சுருட்டி வெல்டு வைத்த இஆர்டபிள்யூ ட்யூபில்தான் அப்படி இருக்கும். தெரிந்த பௌண்டரி ஒன்றில் ஸ்கிராப் பிரிப்பதற்கு, உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் பிஎம்ஐ கன் வைத்திருக்கிறார்கள், ஒரு மூலையில் பெயின்ட்டைச் சுரண்டி அதைக் காட்டச் சொன்னேன். 4130-இல் குரோமியம் 0.8 முதல் 1.1 சதவீதம் வரை இருக்க வேண்டும், மாலிப்டினம் 0.15 முதல் 0.25. இதில் இரண்டுமே பேருக்குக்கூட இல்லை.

மைல்ட் ஸ்டீல் ஒன்றும் பாவமில்லை, நம் ஊரில் பால்காரர் சைக்கிள் பூராவும் அதில்தான் ஓடியது. குரோமோலியும் அதுவும் ஒரே கனத்தில் இருந்தால் எடையும் ஒன்றுதான், விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குரோமோலிக்கு வலு அதிகம் என்பதால் ட்யூபை மெல்லிசாகப் போடலாம், அந்த மெல்லிசுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். எனக்கு வந்ததோ மைல்ட் ஸ்டீல் கனத்தில், மைல்ட் ஸ்டீல் எடையில், குரோமோலி விலையில்.

பின்சக்கர அச்சு உட்காரும் ட்ராப்-அவுட்டுகளின் இடைவெளி 130 மி.மீ. "விரிச்சு மாட்டிக்கலாமுங்க, ஸ்டீலுதானே" என்றார். பழைய 126 மி.மீ. ஃப்ரேமை 130-க்கு விரிப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதான், ஆனால் 135 என்று எழுதிக் கொடுத்துப் புதிதாகச் செய்த ஃப்ரேமை ஏன் விரிக்க வேண்டும்? விரித்தால் ட்ராப்-அவுட் முகங்களும் டிஸ்க் பிரேக் மவுன்ட்டும் திரும்பிவிடும், அதையெல்லாம் திரும்ப நேராக்க வேண்டும். அலைன்மென்ட்டையும் பார்த்தேன்: ஒரு பக்க ட்ராப்-அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் ட்யூபைச் சுற்றி, மறுபக்க ட்ராப்-அவுட்டில் கட்டி, நூலுக்கும் சீட் ட்யூபுக்கும் இடைவெளியை இரு பக்கமும் அளக்க வேண்டும். சமமாக வர வேண்டியது, எனக்கு 7 மி.மீ. வித்தியாசம். பிபி மரையில் பவுடர் அப்பியிருந்தது, வெல்டிங்குக்கு அப்புறம் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யவே இல்லை. பம்ப்செட் ஷாஃப்ட்டை மைக்ரான் கணக்கில் கடைகிற ஊரில் இது நடக்கிறது.

ஆனால் வேலை தெரியாமல் நடந்தது என்று நான் நம்பவில்லை. 25.4 போஸ்ட், 130 ஹப் போட்ட ஃப்ரீவீல் சக்கரம், எல்லாம் சேர்த்து "கிட்" என்று ஒரு விலை அவரிடம் தயாராக இருந்தது. ஃப்ரேமை அந்த கிட் மட்டும் சேருகிற மாதிரி அடித்துவிட்டு, நம் கையிலிருக்கும் பார்ட்ஸைத் தூக்கிப் போட வைத்து அந்த கிட்டை வாங்க வைப்பதுதான் திட்டம்.

செய்யக் கொடுப்பதாக இருந்தால் அளவெல்லாம் போட்ட டிராயிங்கில் பட்டறைக்காரர் கையெழுத்தை வாங்குங்கள், பில்லில் ட்யூபின் பெயரும் கனமும் வரட்டும். என் பில்லில் "சைக்கிள் ஃப்ரேம் 1" என்று மட்டும்தான் இருக்கிறது, நல்ல வேளை வாட்ஸ்அப் இருந்தது. மில் சர்டிபிகேட் (ட்யூப் செய்த கம்பெனி தரும் சான்று) கேளுங்கள், ட்யூப் அறுத்த கட் பீஸைக் கேளுங்கள். பெயின்ட்டுக்கு முன் வெறும் ஃப்ரேமாக ஒருமுறை உங்கள் சக்கரத்தையும் சீட்போஸ்ட்டையும் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஃப்ரேமை அங்கே காட்ட வேண்டும் என்பதால் எடைக்கும் போடவில்லை. உத்தரவு வரும்வரை பட்டறையின் பெயரைச் சொல்ல மாட்டேன், வந்த பிறகு உத்தரவு நகலோடு போடுகிறேன்.