பென் ஸ்டேட் நடன மாரத்தான்: 46 மணி நேர விழாவும் அதன் கணக்கும்

பென் ஸ்டேட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி வரை நடைபெறும் நடன மாரத்தானை முழுவதும் மாணவர்களே நடத்துகிறார்கள். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிகிச்சைக்காக நிதி திரட்டும் இந்த விழாவில், நடனமாடத் தேர்ந்தெடுக்கப்படும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் 46 மணி நேரமும் உட்காரக் கூடாது, உறங்கவும் கூடாது. நேரில் செல்ல இயலாத என் போன்றோருக்கு இணைய நேரலை இருக்கிறது. அதைப் பார்த்தும், ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் தொகைகளைக் கவனித்தும் வந்ததன் அடிப்படையில் எழுதப்படும் மதிப்புரை இது.

நன்கொடை தருபவர் முதலில் கேட்க வேண்டியது, பணம் எங்கே போகிறது என்பதைத்தான். இந்த விழாவின் மிகப் பெரிய பலம் அந்தக் கேள்விக்கு அது வைத்திருக்கும் நேரான விடை. முதல் மாரத்தான் 1973-இல் நடந்தது. 1977 முதல் திரட்டப்படும் நிதி முழுவதும் ஒரே அமைப்புக்குச் செல்கிறது. 'ஃபோர் டயமண்ட்ஸ்' என்ற அந்த நிதியத்தை, 14 வயது மகன் கிறிஸ்டோஃபரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த சார்லஸ், இர்மா மில்லார்ட் தம்பதியர் 1972-இல் தொடங்கினார்கள். துணிவு, அறிவு, நேர்மை, வலிமை ஆகிய நான்கு வைரங்களைத் தேடிச் செல்லும் ஒரு வீரனைப் பற்றி அச்சிறுவன் எழுதிய கதையிலிருந்து வந்த பெயர் அது. ஹெர்ஷி நகரில் உள்ள பென் ஸ்டேட் குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு, காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவை இந்த நிதியம் ஏற்றுக்கொள்கிறது. மீதமுள்ள பணம் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும், அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர், இசைச் சிகிச்சையாளர் போன்றோரின் பணிக்கும் உதவுகிறது. ஒரே மருத்துவமனை, ஒரே நிதியம், ஒரே நோய் என்பதால், கொடுத்த பணம் எங்கோ பொதுக் கணக்கில் கரைந்துவிட்டது என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை. பல பெரிய தொண்டு நிறுவனங்களாலும் இந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை.

இனி விழாவைப் பற்றி. 2007 முதல் இது பிரைஸ் ஜோர்டன் மையம் என்னும் பெரிய உள்ளரங்கில் நடக்கிறது. அங்கு மாறியபோதுதான் அதுவரை 48 ஆக இருந்த மணிக்கணக்கு 46 ஆனது. நடனம் என்ற பெயரைக் கேட்டு மேடைக் கலையை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். பெரும்பாலான நேரம் மாணவர்கள் நிற்பதும் நடப்பதும், வந்திருக்கும் குழந்தைகளுடன் பந்து விளையாடுவதும், அவர்களின் தண்ணீர்த் துப்பாக்கிக்கு முகத்தைக் காட்டுவதுமாகவே கழிகிறது. களைப்பைப் போக்க, அந்த ஆண்டுக்கென்றே இயற்றப்பட்ட ஒரு வரிசை நடனத்தை மணிக்கொரு முறை அரங்கம் முழுவதும் சேர்ந்து ஆடுகிறது. இரண்டாம் இரவு தாண்டியபின் அதே அசைவுகளை, கால் வீங்கிய நிலையில், சிரிப்பு மாறாமல் ஆடுவதைப் பார்க்கும்போது வியப்பும் சற்றே சங்கடமும் ஒருசேர எழுகின்றன. உறக்கமின்மை நோயாளிக்கு எந்த வகையிலும் உதவாது. அது மக்களின் கவனத்தை ஈர்ப்பதற்கான காட்சி மட்டுமே. மருத்துவக் குழு உடனிருந்து கவனித்துக்கொள்கிறது என்றாலும், இதை 24 மணி நேரமாகச் சுருக்கினால் விழாவின் நோக்கத்துக்கு எந்தக் குறையும் நேராது என்பது என் கருத்து.

மூன்று நாட்களில் நான் விடாமல் பார்க்கச் சொல்வது ஞாயிற்றுக்கிழமை வரும் குடும்ப நேரம். சிகிச்சை முடித்த குழந்தைகளும், குழந்தையை இழந்த பெற்றோரும் மேடையேறித் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். இறந்த குழந்தைகளின் படங்கள் திரையில் வருகின்றன. இது கண்ணீரை வரவழைப்பதற்கான ஏற்பாடு என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் ஒவ்வொரு மாணவர் அமைப்பும் ஏதேனும் ஒரு குடும்பத்துடன் ஆண்டு முழுவதும் இணைக்கப்பட்டிருப்பதை அறிந்தால் அந்தக் குறை பாதி நீங்கிவிடும். பிறந்தநாளுக்குச் செல்வது, மருத்துவமனையில் சந்திப்பது, குழந்தை இறந்த பின்னும் பெற்றோரைக் கைவிடாதிருப்பது என அந்த உறவு மேடைக்கு வெளியே நடக்கிறது. நடன அரங்கைவிட இந்த ஏற்பாடே மற்ற கல்லூரிகள் பின்பற்றத் தக்கது.

விழாவின் இறுதியில், மாணவர் தலைவர்கள் மேடையில் வரிசையாக நின்று எண் அட்டைகளை ஒவ்வொன்றாக உயர்த்தி ஆண்டின் மொத்தத் தொகையை வெளிப்படுத்துகிறார்கள். 2023-இல் அது 1 கோடியே 50 லட்சம் டாலரைத் தாண்டியது. 2025-இல் 1 கோடியே 77 லட்சத்தைத் தொட்டது. இந்த எண் மீதான ஆவல்தான் விழாவில் எனக்கு உவப்பில்லாத பகுதி. சென்ற ஆண்டை மிஞ்சியே தீர வேண்டும் என்ற பரபரப்பு அரங்கில் தெளிவாகத் தெரிகிறது. 2014-இல் 1 கோடியே 33 லட்சமாக இருந்த தொகை 2016-இல் 98 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு கோடியை எட்டவில்லை என்பதால் ஏமாந்து போக வேண்டிய தொகையா அது? எண்ணை வெற்றி தோல்வியாகப் பார்க்கப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இன்னொரு குறையை மாணவர்களே திருத்திக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். வார இறுதிகளில் காரில் வெகுதூரம் சென்று, வெளியூர்ச் சாலைச் சந்திப்புகளில் தகர டப்பாவை நீட்டிப் பணம் கேட்பது நெடுங்காலம் இந்த நிதிதிரட்டலின் முதன்மை வழியாக இருந்தது. அப்பயணங்களில் நேர்ந்த விபத்துகளில் மாணவர்கள் உயிரிழந்த பிறகு, வருமானம் குறையும் என்று தெரிந்தும் அவ்வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. இணைய வேண்டுகோளும் உள்ளூர் விற்பனைகளும் அவ்விடத்தை நிரப்பின. பெருந்தொற்றால் 2021-இல் அரங்கில் கூட்டமே இல்லாமல் இணையவழியில் நடந்தபோதும் 1 கோடியே 6 லட்சம் டாலர் சேர்ந்ததைப் பார்த்தால், கொடுப்பவர்கள் டப்பாவுக்காகவோ ஆரவாரத்துக்காகவோ மட்டும் கொடுக்கவில்லை என்பது விளங்கும்.

இது போன்ற மாரத்தான்கள் அமெரிக்காவில் வேறு பல்கலைக்கழகங்களிலும் நடக்கின்றன. இரத்தம் உறையாமை நோய்க்கான சிகிச்சையின்போது எய்ட்ஸ் தொற்றுக்கு ஆளாகி 1990-இல் இறந்த ரயன் வைட்டின் நினைவாக, இந்தியானா பல்கலைக்கழக மாணவர்கள் 1991-இல் தொடங்கிய மாரத்தான் ரைலி குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி சேர்க்கிறது. அது 36 மணி நேரம். நிற்பதன் வேதனையை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அதுவே ஏற்ற அளவாகத் தோன்றலாம்.

பென் ஸ்டேட் விழாவை நேரில் காண விரும்புவோருக்கு அனுமதி இலவசம். ஆனால் கடைசி நான்கு மணி நேரத்தில் அரங்கம் நிறைந்து வாயிலில் நீண்ட வரிசை நிற்கும் என்பதால், கூட்டம் பிடிக்காதவர்கள் சனிக்கிழமை காலையில் செல்வது நல்லது. குழந்தைகளும் மாணவர்களும் தரையில் விளையாடும் நேரம் அது. மொத்தத் தொகையைப் பற்றி அப்போது யாரும் பேசுவதில்லை.