உடனிசைவா, மூலக்கூறு ஆர்பிட்டாலா: அரோமேட்டிக் தன்மைக்கு எதை நம்புவது?

சில வளைய மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவி, எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் நிலைப்பு தருவதுதான் அரோமேட்டிக் தன்மை. அதற்கு முதல் உதாரணம், ஆறு கார்பன் வளையமான பென்சீன். பென்சீனை இரண்டு விதமாக விளக்கலாம். இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றி வரைந்து, நடுவே இருமுனை அம்பு போட்டு, உண்மையான மூலக்கூறு இவற்றின் கலப்பு என்பது உடனிசைவு முறை. ஆறு கார்பன்களின் பி ஆர்பிட்டால்களையும் (வளையத் தளத்துக்கு மேலும் கீழும் நீளும், எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடங்கள்) ஒன்றுசேர்த்து, வளையம் முழுவதற்கும் பொதுவான ஆற்றல் மட்டங்களாக்கி, கீழிருந்து எலக்ட்ரான்களை நிரப்புவது மூலக்கூறு ஆர்பிட்டால் முறை. முதலாவதை 1930களில் பரப்பியவர் வேதியியலாளர் லைனஸ் பாலிங். இரண்டாவதை 1931-ல் பென்சீனுக்குப் பொருத்திக் காட்டியவர் எரிக் ஹக்கல்.

பென்சீனை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுமே தேறிவிடும். ஆறு பிணைப்புகளும் ஏறத்தாழ 1.4 ஆங்ஸ்ட்ராம் நீளம், 1.54 என்ற ஒற்றைப் பிணைப்புக்கும் 1.34 என்ற இரட்டைப் பிணைப்புக்கும் இடைப்பட்டது. சைக்ளோஹெக்சீனை ஹைட்ரஜனேற்றினால் மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெளிவரும். அப்படியானால் பென்சீனில் 360 வர வேண்டும், வருவதோ 208 தான். 150 கிலோஜூல் அளவுக்கான இந்தக் கூடுதல் நிலைப்புக்கு எந்த முறையைக் கேட்டாலும் பதில் கிடைக்கும்.

நான்கு கார்பன் வளையமான சைக்ளோபியூட்டாடையீனில்தான் சிக்கல். பென்சீனைப் போலவே அதற்கும் சம மதிப்புள்ள இரண்டு படங்கள் வரையலாம். படத்தை நம்பினால் அதுவும் நிலையாக இருக்க வேண்டும். ஆனால் அது மிகக் குறைந்த வெப்பநிலையில் உறைய வைத்தால்தான் பிடிபடும், சதுரமாக இல்லாமல் செவ்வகமாக இருக்கும். ஹக்கல் கணக்கு இதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறது. (ஆல்ஃபா என்பது தனி பி ஆர்பிட்டாலில் உள்ள எலக்ட்ரானின் ஆற்றல், பீட்டா என்பது அண்டை ஆர்பிட்டால்கள் சேர்வதால் வரும் நிலைப்பு. பி ஆர்பிட்டால்களில் உள்ளவையே பை எலக்ட்ரான்கள்.) பென்சீனின் பை ஆற்றல் 6ஆல்ஃபா + 8பீட்டா. தனித்தனியான மூன்று இரட்டைப் பிணைப்புகளுக்கு 6ஆல்ஃபா + 6பீட்டா. ஆக, லாபம் 2பீட்டா. சைக்ளோபியூட்டாடையீனுக்கு 4ஆல்ஃபா + 4பீட்டா. இரண்டு எத்திலீன்களுக்கும் அதே தொகைதான், லாபம் பூஜ்யம். போதாக்குறைக்கு, சதுர வடிவில் கடைசி இரண்டு எலக்ட்ரான்களும் சம ஆற்றலுள்ள இரண்டு மட்டங்களில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கும்.

இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று உண்டு. சைக்ளோபென்டாடையீனைல் எதிரயனிக்கு ஐந்து உடனிசைவு வடிவங்கள், சைக்ளோஹெப்டாட்ரையீனைல் எதிரயனிக்கு ஏழு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏழு கார்பன் அயனிதான் ஜெயிக்க வேண்டும். ஆய்வகத்தில் நடப்பது நேர்மாறு. எதிரயனி எவ்வளவு நிலையானதோ, அதைத் தரும் அமிலம் அவ்வளவு வலுவானது; பிகேஏ என்ற அளவு குறையக் குறைய அமிலம் வலுவானது. சைக்ளோபென்டாடையீனின் பிகேஏ ஏறத்தாழ 16, சைக்ளோஹெப்டாட்ரையீனுக்கு 36-ஐ ஒட்டிய மதிப்பு. அமிலத்தன்மையில் இருபது பத்தடுக்கு வித்தியாசம்! முன்னதில் 6 பை எலக்ட்ரான்கள், ஹக்கல் விதியின் 4என்+2 கணக்குக்குள் (என் முழு எண்; 2, 6, 10 என வரும் எண்ணிக்கை இருந்தால் வளையம் அரோமேட்டிக்) அடங்கும். பின்னதில் 8, அடங்காது. (நியாயமாகச் சொன்னால், உடனிசைவுக்கு அடிப்படையான இணைதிறன் பிணைப்புக் கொள்கையை முழுமையாகக் கணக்கிட்டால் அதுவும் சரியான விடையையே தரும். தப்பு, படங்களை எண்ணி முடிவெடுக்கும் குறுக்குவழியில் இருக்கிறது.)

அதற்காக உடனிசைவைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. ஹக்கல் விதி ஒற்றை வளையத்துக்கானது. நான்கு வளையங்கள் ஒட்டிய பைரீனில் 16 பை எலக்ட்ரான்கள் இருந்தும் அது அரோமேட்டிக் தான். விதியை அப்படியே அதன் மேல் வைத்தால் காலை வாரிவிடும். மூன்று வளையங்கள் ஒட்டிய பினாந்திரீனைப் பாருங்கள்: ஐந்து வடிவங்களை வரைந்தால் நான்கில் 9, 10 கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு விழுகிறது. புரோமின் போய்ச் சேருவதும் அங்கேதான். பென்சிலும் இரண்டு நிமிடமும் போதும். ஆர்பிட்டால் வழியில் போனால் 14 கார்பனுக்கும் அணிக்கோவை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். நைட்ரோபென்சீன் ஏன் மெட்டாவில் (நைட்ரோ உள்ள கார்பனை 1 என்றால், 3-ஆம் கார்பனில்) வினைபுரிகிறது என்பதற்கும் அம்புக்குறிகளே எளிது.

என் வழக்கம் இது: ஒரு வளையம் அரோமேட்டிக்கா என்ற கேள்விக்கு ஆர்பிட்டால், வினை எந்தக் கார்பனில் நடக்கும் என்பதற்கு உடனிசைவு.

எதை எடுத்தாலும் முன்னதாகவே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: தனி இணை எலக்ட்ரான்கள் (பிணைப்பில் சேராத ஜோடி) எந்த ஆர்பிட்டாலில் உள்ளன என்று பார்ப்பது. நைட்ரஜன் சேர்ந்த ஆறு அணு வளையமான பிரிடினில் நைட்ரஜனின் தனி இணை வளையத்தின் தளத்திலேயே வெளிநோக்கி நிற்கிறது, ஆறு பை எலக்ட்ரான்களில் சேராது. அதனால்தான் புரோட்டானை ஏற்கத் தயாராக இருக்கிறது. நைட்ரஜன் சேர்ந்த ஐந்து அணு வளையமான பிர்ரோலில் அதே இணை ஆறின் பங்காளி. புரோட்டானுக்குக் கொடுத்தால் அரோமேட்டிக் தன்மையே போய்விடும் என்பதால் பிர்ரோல் மிக மிக வலுக்குன்றிய காரம்.