மொபைல் ஹோம் பைப்புக்குக் குளிர்காலப் பாதுகாப்பா? அடியில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில், வடக்கு மினசோட்டாவில் ஒரு மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் கட்டிக் கொண்டுவந்து, அடியில் இடம் விட்டு நிறுத்திய வீடு. அக்டோபரில் ஒரு கான்ட்ராக்டர் வந்து, பைப்புக்கு ஹீட் கேபிள் (மின்சாரத்தில் சூடாகிப் பைப்பை உறையாமல் காக்கும் கம்பி), தரைக்கு அடியில் புது இன்சுலேஷன், கிழிந்த ஷீட்டுக்கு ஒட்டு என்று மூன்றுக்கும் பில் போட்டு முழுப் பணமும் வாங்கிப் போனார். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது மைனஸ் 29 செல்சியஸ், இறங்கிய முதல் இரவிலேயே வீட்டில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. கேட்டதற்கு, "இந்தக் குளிருக்கு எதுவும் தாங்காது" என்று பதில். அது பொய். ஒழுங்காகச் செய்த வேலை இந்தக் குளிரைத் தாங்கும். அடியில் இறங்கிப் பார்த்தால் மூன்று வேலையுமே தப்பு.

முதலில் இன்சுலேஷன். இந்த வீடுகளில் தரைப்பலகைக்கும், அதன் கீழே இழுத்துக் கட்டிய கறுப்பு ஷீட்டுக்கும் நடுவில்தான் பைப் ஓடும். அந்த ஷீட்டை பெல்லி என்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் சூடு பலகை வழியாக இறங்கித்தான் பைப்பைக் காப்பாற்றுகிறது. அந்தச் சூடு வெளியே போய்விடாமல் பிடித்துவைப்பதுதான் ஃபைபர்கிளாஸ் பஞ்சின் வேலை. பஞ்சு தானாகச் சூடு தராது. ஆகவே பஞ்சு பைப்புக்குக் கீழே இருக்க வேண்டும். இவரோ பஞ்சைப் பலகையோடு ஒட்டித் திணித்து, பைப்பை அதற்குக் கீழே குளிரில் விட்டிருந்தார். வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சச் சூடும் நின்றுபோனது. காசு கொடுத்து நிலைமையை மோசமாக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

கிழிசலுக்குச் சாதாரண டக்ட் டேப். குளிரில் அதன் பசை விட்டுவிடும். பெல்லிக்கென்றே டேப் விற்கிறது. கிழிசலைவிட நாலு பக்கமும் சில அங்குலம் பெரிதாகத் துண்டு வெட்டி, ஸ்டேப்பிள் அடித்து, ஓரத்தில் அந்த டேப்பை ஒட்ட வேண்டும்.

கேபிள் விஷயம்தான் பயங்கரம். மண்ணிலிருந்து தரைக்கு ஏறும் ரைசர் பைப் 12 அடி கேபிளுக்குத்தான் இடம் கொடுக்கும். இவர் 24 அடி கேபிளை வாங்கி, மிச்சத்தை அதே பைப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, மேலே ஃபோம் போட்டு மூடிவிட்டார். ஒரே சீராகச் சூடாகும் கேபிள் அடிக்குச் சுமார் 7 வாட் எடுக்கும். ஒன்றின்மேல் ஒன்று பட்ட இடத்தில் சூடு வெளியேற வழியில்லை. கேபிளின் மேலுறை உருகும், பிளாஸ்டிக் பைப் இளகும், தீப்பிடிக்கும். மிச்சத்தை வெட்டிவிடவும் கூடாது; பிளக்கோடு வரும் கேபிளை நீளத்துக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பைப்போடு ஒட்டி நேராக ஓட்டி, கேபிளோடு வரும் குறிப்பில் சொன்ன டேப்பால் கட்டி, அதே குறிப்பு அனுமதிக்கும் இன்சுலேஷனை அதில் சொன்ன தடிமனில் மட்டும் போட வேண்டும். யூஎல் (அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம்) முத்திரையும் மூன்று கம்பி பிளக்கும் இல்லாத கேபிளைத் தொடவே வேண்டாம்.

இத்தனையும் இருந்து கேபிள் சூடானதா என்றால், அதுவும் இல்லை. தெர்மோஸ்டாட் பொதுவாக 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில், சுமார் 3 செல்சியஸில், கேபிளை இயக்கும். அது பைப்பின் மிகக் குளிர்ந்த இடத்தில், பைப்போடு ஒட்டி இருக்க வேண்டும். இவர் அதை மேலே, ஹீட்டர் காற்று போகும் டக்ட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். அதற்குக் குளிரே தெரியவில்லை. கீழே ரைசர் உறைந்துவிட்டது. மின்சாரமும் வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில். ரைசர் ஏறும் இடத்துக்கு 2 அடிக்குள் இந்தக் கேபிளுக்கென்றே ஒரு பிளக் பாயிண்ட் வீட்டின் அடியில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மின்விதி. இங்கேயும் இருந்தது. அதில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ டிரிப் ஆகிக் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.

வீட்டின் அடியைச் சுற்றி மறைக்கும் பலகையில் (ஸ்கர்ட்டிங்) உள்ள காற்றுத் துளைகளையும் ஃபோம் அடித்து நிரந்தரமாக மூடியிருந்தார். ஈரம் தங்கிப் பஞ்சு நனைந்தால் அது உதவாது.

பணம் கொடுக்கும் முன் இரண்டு கேளுங்கள். பெல்லியை மூடுவதற்கு முன், பைப்பும் அதன் கீழே பஞ்சும் தெரிகிற மாதிரி போட்டோ. பிறகு, ஐஸ் நிரப்பிய பையைத் தெர்மோஸ்டாட்டின் மேல் சில நிமிடம் வைத்து, பிளக்கில் வாட் மீட்டர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 12 அடி கேபிள் என்றால் 84 வாட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் பணம் இல்லை.

ஏற்கெனவே உறைந்துவிட்டதென்றால், குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கமிருந்து ஆரம்பித்து ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே போங்கள். தீ டார்ச் கூடவே கூடாது. பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் பைப் விரிந்து கொடுக்கும், அதன் இணைப்புகள் கொடுக்காது. ஆகவே பனி இளகும்போது, எங்காவது பீய்ச்சினால் உடனே மூட, மெயின் வால்வுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.