காலிக்குப் போய்க் காலியான கதை: காலாண்டு லீவில் தென்னிலங்கை போகிறவர்கள் படிக்கவும்

காலி என்பது ஊர்ப் பெயர். இலங்கையின் தெற்குக் கரையில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறதே, அந்த ஊர். பள்ளியில் காலாண்டு லீவு விட்டதும் நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா. திருச்சியில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. ஐந்து இரவு, ஆறு பகல், ஆளுக்கு 58,000 ரூபாய், மொத்தம் 2,32,000. டிராவல்ஸின் பெயரைப் போடப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே திட்டத்தை இதே வார்த்தைகளில் விற்கிறவர்கள் ஏகப்பட்ட பேர் என்பது இன்னொன்று.

வாட்ஸப்பில் வந்த அட்டவணையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். யாலவில் சிறுத்தை சஃபாரி. மிரிஸ்ஸவில் படகேறி நீலத் திமிங்கிலம். கடலைப் பார்த்த அறை. காலிக் கோட்டையில் அரை நாள். காடு, கடல், சரித்திரம் மூன்றும் ஒரே பயணத்தில். மகள் அன்றிலிருந்தே திமிங்கிலம் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

அப்பாவுக்கு வேண்டியது ஒரே ஒரு கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுத்திய கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டு தேதி போட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயரால் காணிக்கை, தமிழில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயினாருக்கு, அதாவது திருமாலுக்கு. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியல் போகும். அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கீசியர் இடித்துவிட்டார்கள். கல் மட்டும் எப்படியோ தப்பி, காலியில் ஒரு வாய்க்கால் மேல் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்து, 1911இல் கண்டெடுக்கப்பட்டது. முப்பது வருஷம் வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர் அப்பா. நேரில் பார்த்ததில்லை.

பணம் கட்டும் முன் போனில் கேட்டேன். "அந்தக் கல்லு காலியிலதான் சார் இருக்கு. கோட்டைக்குள்ளயே காட்டிடுவோம்" என்றார் ஏஜென்ட். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உண்மை தெரிந்தவன் கொஞ்சமாவது யோசிப்பான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யால பூங்காவில் சிறுத்தைக்குப் பேர்போனது முதல் வட்டாரம். எல்லோரும் போட்டோவில் பார்ப்பது அதைத்தான். வறட்சியில் நீர்நிலைகள் வற்றும் காலம் என்பதால் அந்த வட்டாரத்தை வழக்கமாகச் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடி வைப்பார்கள். மிரிஸ்ஸவில் திமிங்கிலப் படகுக்குப் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மே முதல் செப்டம்பர் வரை தெற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். நம் காலாண்டு லீவு வருவது செப்டம்பர் கடைசியில். அதாவது நம் பிள்ளைகளுக்கு எப்போது லீவோ அப்போது அங்கே சிறுத்தைக்கும் லீவு, திமிங்கிலத்துக்கும் லீவு. வருஷா வருஷம் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டுகிற ஆளுக்கு இது தெரியாமலா இருக்கும்?

எங்களுக்குத் தெரியாது. காலை ஐந்தரைக்கு திஸ்ஸமகாராமவில் ஜீப் ஏறினோம். குளிர் காற்று, மகள் கழுத்தில் பைனாகுலர். ஒரு மணி நேரத்துக்குள் நுழைவாயில் வந்தது. ஜீப்காரர் சீட்டு வாங்கப் போனார். இலங்கையில் அரசுப் பலகைகள் மூன்று மொழியில் இருக்கும். அப்பா எந்த ஊருக்குப் போனாலும் பலகை படிக்கிற ஆள்.

"தம்பி, இதுல பூந்தலன்னு போட்டிருக்கே. நாம யாலதானே போறோம்?"

ஜீப்காரரைக் கேட்டேன். "சேம் சேம் சார். சேம் அனிமல்ஸ்" என்றார். பூந்தல நல்ல இடம்தான், குறை சொல்லக்கூடாது. உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்று 1990இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, இலங்கையிலேயே முதலில் சேர்ந்ததும் அதுதான். ஆனால் அது பறவைக்கான இடம், அதுவும் வலசைப் பறவைகள் வருகிற குளிர்காலத்தில். நாங்கள் பார்த்தது இரண்டு முதலை, எருமைக் கூட்டம், தூரத்தில் ஒற்றை யானையின் பின்பக்கம், அப்புறம் மயில், மயில், மயில். மயில் பார்க்க விராலிமலைக்கு பஸ் டிக்கெட் எடுத்தால் போதாதா? சிறுத்தை எங்கே என்று கேட்ட மகளிடம், இன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் எனக்குக் கோபம். அதிர்ஷ்டம் இல்லாமல் போவது வேறு, இல்லாத இடத்தில் தேட விடுவது வேறு.

அறையிலிருந்து ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். அட்டவணையின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். எறும்பு எழுத்தில் ஒரு வரி: "யால அல்லது அதற்கு இணையான பூங்கா, பருவநிலையைப் பொறுத்து மாறும்." அதே பக்கத்தில் "கடலைப் பார்த்த அறை அல்லது அதற்கு இணையானது" என்றும் இருந்தது. கடலுக்கு இணையானது எது என்று அடுத்த ஊரில் தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் நின்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல் ஒரு கோடாகத் தெரியும்.

மிரிஸ்ஸவில் படகு விடவில்லை. அலை அப்படி. துறைமுகத்தில் கேட்டபோது, இந்த மாதத்தில் ஏன் வந்தீர்கள் என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். ஈடாக ஆமைக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். சிமென்ட் தொட்டி. ஒரு துடுப்பு இல்லாத பெரிய ஆமை அதில் சுவரை முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. பொரித்த குஞ்சை எடுத்து மகள் கையில் வைத்து, போட்டோ எடுங்கள் என்றார் அங்கிருந்தவர். "இது ஏன் இன்னும் கடலுக்குப் போகல?" என்று கேட்டாள். சாயங்காலம் விடுவோம், நீங்களே விடலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். பொரித்த கையோடு கடலுக்கு ஓடவேண்டிய உயிர், டிக்கெட்டுக்காகத் தொட்டியில் காத்திருக்கிறது. அவள் குஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முட்டையிட வரும் ஆமைகளை அவை இருக்கிற இடத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்கவ கடற்கரை இருக்கிறது. ராத்திரி, வெளிச்சம் போடாமல், பொறுமையாக.

காலிக்கு வருவோம். கோட்டைக்கு அரை நாள் என்றார்களே, அதில் ஒன்றரை மணி நேரம் ரத்தினக் கடையில் போனது. முதலில் கல் தோண்டுகிற வீடியோ, பிறகு டீ, பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் விற்பனைக் கூடம். "பில்லோட தர்றோம் மேடம், அரசாங்க சர்ட்டிபிகேட்" என்று என் மனைவியைச் சுற்றி மூன்று பேர். அவள் ஒன்றும் வாங்கவில்லை. வெளியே வந்தபோது எங்கள் டிரைவரின் முகம் விழுந்துவிட்டது. அன்று ராத்திரி அவரே சொன்னார்: டிராவல்ஸ் அவருக்குக் கொடுப்பது சாப்பாட்டுக்கும் படுக்கைக்குமே காணாதாம், கடைக்காரர்கள் கொடுக்கிற கமிஷன்தான் கூலி. அதையும் எங்கள் 2,32,000க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிச்ச நேரத்தில் ஓடினோம். கோட்டை அருமை, பொய் சொல்லக்கூடாது. போர்த்துக்கீசியர் போட்ட சின்னக் காவலரணை 1640இல் டச்சுக்காரர் பிடித்துப் பெரிய மதில் நகரமாகவே ஆக்கிவிட்டார்கள். பழைய வாயிலின் உள்பக்கம் மேலே அவர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை, 1669 என்று ஆண்டு, அதன் உச்சியில் ஒரு சேவல். அப்பா சேவலைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. கல் எங்கே, கல் எங்கே என்று அவசரம். உள்ளூர் வழிகாட்டிப் பையன் ஒருவன் எங்களை 1755இல் கட்டிய டச்சுத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போனான். தரை முழுக்கப் பெரிய பெரிய கல் பலகைகள், எழுத்து நிறைய. ஒன்றைக் காட்டி, "இதுதான் ஐயா" என்றான்.

அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். பக்கத்துக் கல்லுக்கு நகர்ந்தார். அதில் ஒரு மண்டையோடு செதுக்கியிருந்தது.

"இதுல சீனமும் இல்ல, தமிழும் இல்ல தம்பி. செத்துப்போன வெள்ளைக்காரன் பேருதான் இருக்கு. இது சமாதிக் கல்லு."

பையன் நெளிந்தான். ஐயாவுக்கு ஒரு எழுத்துக் கல்லைக் காட்டி அனுப்பிவிடு என்பதுதான் அவனுக்கு வந்த உத்தரவாம். போனில் தேடினேன். இரண்டே நிமிஷம். உண்மையான கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் இதை வீட்டிலேயே தேடியிருக்கலாம். ஏஜென்ட்டுக்கு நிகராக என்னையும் நான் திட்டிக்கொள்வது இதற்குத்தான்.

இந்தப் பயணத்தில் நன்றாக அமைந்த இரண்டுமே அட்டவணையில் இல்லாதவை. ஒன்று கதிர்காமம். திஸ்ஸவிலிருந்து இருபது கிலோமீட்டர் சுமார், அருணகிரிநாதர் பாடிய தலம், தமிழ்க் குடும்பத்துக்கு விற்கிற திட்டத்தில் அதைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பூந்தல ஏமாற்றத்துக்குப் பிறகு டிரைவர் தானாகவே கூட்டிப்போனார். மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டு, மூடிய திரைக்கு முன்னால் நின்றோம். அங்கே மூலவர் தரிசனம் கிடையாது, திரைதான். அப்பா திருப்புகழை முணுமுணுத்தார், டிரைவர் பழத்தட்டோடு பக்கத்தில் நின்றார். சிங்களவர், பௌத்தர், ஆனால் கதிர்காமத் தெய்யோ என்றால் அவருக்கு உயிர்.

இன்னொன்று அந்தக் கல். கடைசி நாள் "கொழும்பில் ஷாப்பிங்" என்று போட்டிருந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் முன் அருங்காட்சியகம் போகலாமா என்று டிரைவரைக் கேட்டேன். கமிஷன் இல்லாத இடம்தான், இருந்தும் வண்டியைத் திருப்பினார். டிக்கெட் எங்கள் செலவு. அப்பா அந்தக் கல்லின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். எழுத்துகள் தேய்ந்து போயிருக்கின்றன. கல்லைத் தொடாமல் காற்றிலேயே விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "நா தெரியுது பாரு, நாயினார்ல வர்ற நா" என்று பேத்தியைக் கூப்பிட்டார். அவரை அப்படியே ஒரு போட்டோ எடுத்தேன்.

ஊருக்கு வந்து பணம் திருப்பிக் கேட்டேன். "இயற்கையை நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்றார். இயற்கை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது தேதி தவறாமல்தான் நடந்துகொண்டது. கடைசியில் 12,000 ரூபாய் கழிவு, அதுவும் அடுத்த பயணத்தில் மட்டும். நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தேன், பலன் இல்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கையில் இருக்கும் வலுவான சான்று, பூந்தல நுழைவாயில் பலகைக்குக் கீழே மகள் நிற்கிற படம். நீங்களும் எங்கே இறக்கிவிட்டாலும் முதலில் பலகையைப் படம் எடுங்கள், பிறகு யானையை.

காலாண்டு லீவில்தான் போக முடியும் என்றால் தெற்கை விட்டுவிட்டுக் கிழக்கே போங்கள். அப்போது மின்னேரியக் குளத்தில் தண்ணீர் இறங்கிக் கரையில் புல் முளைத்திருக்கும், யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். அங்கிருந்து திருகோணமலை. வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன் அந்தப் பக்கக் கடல் அமைதி. நிலாவெளி மணல், எதிரே புறாத்தீவு, சுவாமி மலைப் பாறையில் கோணேஸ்வரம், அதன் வாசலாகவே ஒரு கோட்டை. காடும் கடலும் சரித்திரமும் அங்கேயும் உண்டு, சரியான மாதத்தில். யாலவும் திமிங்கிலமும்தான் வேண்டுமென்றால் அரையாண்டு லீவு. எந்தப் பூங்கா, எந்த வட்டாரம், எந்த நுழைவாயில் என்று எழுதி வாங்குங்கள். "இணையான" என்ற சொல் எங்கே வந்தாலும் அடித்துவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. புகாரோடு எல்லாப் படங்களையும் டிராவல்ஸுக்கும் அனுப்பியிருந்தேன். போன வாரம் அவர்களின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் என் அப்பா. கல்லுக்கு முன்னால், விரலை நீட்டிக்கொண்டு. கீழே எழுதியிருந்தது: "இலங்கையில் எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர். காலாண்டு லீவு புக்கிங் ஆரம்பம்."