சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகவா, ஃபிராங்ஃபர்ட் வழியாகவா?

தூரம்: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 15,350 கி.மீ. ஃபிராங்ஃபர்ட் வழி ஏறத்தாழ 1,100 கி.மீ. கூடுதல்.

நேரம்: நேர் விமானம் 18 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஃபிராங்ஃபர்ட்டில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் மற்றது ஏறக்குறைய ஒரு நாள்.

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று தூரத்தை 900ஆல் வகுத்து 17 மணி என்று கணக்குப் போடாதீர்கள். போகும்போது உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளட்டும் என்று பசிபிக் மேலே சுற்றியும் போவார்கள். வரைபடத்தில் நீளம், கடிகாரத்தில் லாபம். ஓடுபாதைக்கு உருண்டு போகும் நேரமும் அட்டவணையில் அடங்கும்.

இருக்கை: நேர் வழிக்கென்றே வந்த, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் ஏர்பஸ் வகை) விமானத்தில் 161 இருக்கைகள்தான்; பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி கிடையாது, செலவு அங்கேதான் ஏறுகிறது. பிரீமியத்தின் கடைசி மூன்று வரிசைகளில் சன்னலோரம் ஒற்றை இருக்கை, கிடைத்தால் விடாதீர்கள். ஃபிராங்ஃபர்ட் வழியில் எகானமி உண்டு.

சிரமம்: ஃபிராங்ஃபர்ட்டில் அதே விமான எண்தான், ஆனாலும் கைப்பையோடு இறங்கி மறுபடி பாதுகாப்புச் சோதனை. சாங்கியில் வாங்கிய வாசனைத் திரவியப் பையின் முத்திரையைப் பிரித்திருந்தால் அங்கேயே பறிபோகலாம்.

வேலையாகப் போகிறவருக்கு நேர் விமானம். குடும்பமாக, கையைக் கடிக்காமல் போக ஃபிராங்ஃபர்ட். முழங்கால் வலிக்காரருக்கும் நடுவில் இறங்கி நடப்பதே மேல்.